உப்புக்காற்றில் பழைய ஏர் பிஸ்டல்: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குச் சேகரிப்பு வழிகாட்டி

மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனவர்கள் எல்லோரும் பலூன் கடையில் ஒரு முறையாவது நின்றிருப்போம். கடைக்காரர் குழலை மடக்கி, ஈயக் குண்டு ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி, "நிதானமா சுடு தம்பி" என்று கையில் தருவார். எண்ணெய் வாசனை, தோளில் ஒரு சின்ன உதை, பலூன் வெடிக்கும் சத்தம். எனக்கு ஏர் கன் ஆசை அங்கேதான் பிடித்தது. பெரிய துப்பாக்கிகளுக்கு வீட்டில் இடமில்லை, ஆசை பிஸ்டல் பக்கம் திரும்பியது. இன்று என் பீரோவில் ஒன்பது இருக்கின்றன. அவற்றை வாங்கியும், சிலவற்றைத் துருவுக்குக் கொடுத்தும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். செம்மண்டலத்தில் உட்கார்ந்து எழுதுவதால் கடலோர வீட்டுக்குத் தேவையான விஷயங்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் படி: எதைச் சேர்க்கப் போகிறீர்கள்?

இந்தப் பொழுதுபோக்கில் மூன்று வகை உண்டு. காற்றழுத்தத்தால் குண்டை அனுப்பும், ஏர் பிஸ்டலாகவே வடிவமைத்த பழைய கருவிகள் ஒன்று. நிஜத் துப்பாக்கியின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்ட ஏர் பிஸ்டல்கள் இன்னொன்று. இவற்றைத்தான் ரெப்ளிகா என்கிறோம். மூன்றாவது, சுடவே சுடாத உலோக மாதிரிகள். ஸ்பெயினின் மெனோர்கா தீவில் இருக்கும் டெனிக்ஸ் நிறுவனம் செய்பவை இந்த வகை. வெற்றுத் தோட்டா வெடிக்கும் துப்பாக்கிகளை நான் இதில் சேர்க்கவில்லை. அவற்றை விலைக்குப் பேசக்கூட வேண்டாம்.

ஏர் பிஸ்டலுக்கும் நிஜத் துப்பாக்கிக்கும் நடுவே நடந்த ஒரு கதை சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 1963இல் ஜேம்ஸ் பாண்ட் விளம்பரப் படங்கள் எடுக்க ஷான் கானரி வந்து நின்றபோது, பாண்டின் வால்தர் பிபிகே துப்பாக்கி அங்கே வந்து சேரவில்லை. புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தன்னிடம் இருந்த வால்தர் எல்பி 53 ஏர் பிஸ்டலை அவர் கையில் கொடுத்தார். உலகம் முழுக்கச் சுவரொட்டிகளில் வந்தது அந்த நீளக் குழல் ஏர் பிஸ்டல்தான். 2010இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 2,77,250 பவுண்டுக்குப் போனது.

தொடக்கத்தில் ஒரே வகையில் நில்லுங்கள். எனக்குத் தெரிந்து, பார்த்ததையெல்லாம் வாங்கியவர்கள் மூன்றாம் வருடமே மொத்தத்தையும் விற்றுவிட்டார்கள். ஒரு தயாரிப்பாளர் அல்லது ஒரு காலகட்டம் என்று எல்லை வைத்துக்கொண்டால் கண் சீக்கிரம் பழகும்.

இரண்டாம் படி: விலை பேசும் முன் சட்டம்

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் நமக்கு முக்கியமான எண்கள் இரண்டுதான்: 20 ஜூல், 4.5 மில்லிமீட்டர். குண்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் இருந்தாலோ, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது .177 அங்குலத்துக்கு மேல் இருந்தாலோ, உரிமம் வேண்டும்.

பழைய பிஸ்டலுக்கு ஆற்றல் கணக்கு பிரச்சினையே இல்லை. அரை கிராம் குண்டு நொடிக்கு 120 மீட்டர் வேகத்தில் போனால் 3.6 ஜூல்தான் வரும். அதே குண்டு 20 ஜூலைத் தொட நொடிக்கு 283 மீட்டர் வேகம் வேண்டும். ஸ்பிரிங் விசையால் காற்றை அழுத்தும் பழைய பிஸ்டலால் அது ஆகாது. மாட்டிக்கொள்வது உள்விட்டத்தில்தான். பழைய இங்கிலாந்து பிஸ்டல்களில் நிறைய .22, அதாவது 5.5 மில்லிமீட்டர். மூன்று ஜூல்கூட வராத கிழப் பிஸ்டலாக இருந்தாலும் குழல் .22 என்றால் விதிக்குள் வந்துவிடும். ".22 சார், அதனாலதான் மலிவு" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வெளிநாட்டு இணையக் கடையில் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்காதீர்கள். ஏர் கன் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு உண்டு, பார்சல் கஸ்டம்ஸில் நின்றுவிடும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருள் கைக்கு வந்தால், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

கடலூர் தமிழ்நாடு, புதுச்சேரி யூனியன் பிரதேசம். மத்தியச் சட்டம் ஒன்றுதான், அலுவலகம் வேறு. சந்தேகம் வந்தால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவைக் கேளுங்கள். எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி, கோப்பில் வையுங்கள்.

மூன்றாம் படி: பெயர்களும் முத்திரைகளும்

இங்கிலாந்து வரிசையில் முதலில் வருவது பர்மிங்காமின் வெப்லி அண்ட் ஸ்காட். அவர்களுடைய முதல் ஏர் பிஸ்டலான மார்க் 1 வந்தது 1924இல். அதன் அமைப்பு வித்தியாசமானது. குழல் மேலே, காற்று உருளை கீழே, கீல் முன்பக்கம். பின்பக்கப் பூட்டை விடுவித்துக் குழலை முன்னோக்கித் தூக்கினால் ஸ்பிரிங் இறுகும். சுடும்போது காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னால் பாயாது, சுடுபவரை நோக்கி வரும். 1979இல் வந்த டெம்பெஸ்ட் வரைக்கும் இதே அமைப்புதான். வெப்லியில் .177, .22 இரண்டும் வந்திருப்பதால் குழலில் எண்ணைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ஜெர்மனியின் டயானா முத்திரையை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வேட்டைத் தெய்வம் வில்லைக் கீழே எறிந்துவிட்டு ஏர் கன்னைத் தலைக்கு மேல் உயர்த்தி நிற்பாள். ராஷ்டாட் ஊரில் 1890இல் தொடங்கிய நிறுவனம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இழப்பீடாக அதன் இயந்திரங்களை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மதர்வெல் ஊரில் மில்ப்ரோ நிறுவனம் டயானா பெயரிலேயே தயாரித்தது. ஆகவே டயானா என்று இருந்தால் மட்டும் ஜெர்மன் ஆகிவிடாது, ஊர்ப் பெயரையும் பார்க்க வேண்டும். ஜெர்மன் டயானா பலவற்றில் தயாரித்த மாதமும் வருடமும் சின்ன எண்களாகப் பொறித்திருக்கும்.

ஐங்கோணத்துக்குள் எஃப் எழுத்து இருந்தால் அது 7.5 ஜூலுக்கு உட்பட்டது என்பதற்கான மேற்கு ஜெர்மன் அடையாளம். 1970க்கு முன் அந்த முத்திரை கிடையாது. "எங்க தாத்தா ஐம்பத்தெட்டுல வாங்கினது" என்று ஒருவர் காட்டிய பிஸ்டலில் இந்த ஐங்கோணம் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, குடும்பத்தில் கதை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. முத்திரை சொல்வதைத்தான் ஏட்டில் எழுத வேண்டும்.

பந்தயப் பிஸ்டல்களில் என் மனம் நிற்பது ஃபைன்வெர்க்பாவ் 65இல். 1965இல் வந்தது. சுடும்போது மேல்பாகம் முழுவதும் தண்டவாளத்தில் போவதுபோல் பின்னால் சறுக்கி உதையை வாங்கிக்கொள்ளும். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் 1988 சியோலில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது, 2024 பாரிஸில் மனு பாக்கர் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டிக்கு இன்று வரும் அழுத்தக் காற்றுப் பிஸ்டல்களுக்கு முந்தைய தலைமுறை இந்த ஃபைன்வெர்க்பாவ். அதைக் கையில் பிடித்துப் பார்த்தால் தொழில்நுட்பம் எந்த வழியில் நடந்து வந்தது என்று புரியும்.

சிறிய செலவில் தொடங்க ஆசைப்படுபவர்களுக்கு ஹாரிங்டன் கேட். குழலை உள்ளே தள்ளி இறுக்கும் எளிய பிஸ்டல், 1930களில் இங்கிலாந்தில் தொடங்கிப் பல பத்தாண்டுகள் வந்தது. துத்தநாகக் கலவையில் வார்த்தது என்பதால் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெப்ளிகா பக்கம் போனால் உமாரெக்ஸ். 1972இல் தொடங்கிய இந்த ஜெர்மன் நிறுவனம் வால்தர், பெரெட்டா, கோல்ட் பெயர்களில் முறைப்படி அனுமதி பெற்றுச் செய்கிறது.

நான்காம் படி: எங்கே தேடுவது

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பிஸ்டல் கிடைக்கும் என்று போகாதீர்கள். அங்கே எனக்குக் கிடைத்தவை உபரிகள்: ஒரு பழைய குண்டு டப்பா, ஒரு தோல் உறை, கிரிப்புக்குப் பொருந்திய திருகாணி. பிஸ்டல் வருவது வீடுகளிலிருந்துதான். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தா குடும்பங்கள் புதுச்சேரியில் நிறைய. பெரியவர் காலமாகி, பிள்ளைகள் பிரான்ஸில் இருந்து, வீட்டை ஒழிக்கும்போது பரண்மேல் பெட்டி ஒன்று இறங்கும்.

அப்படி ஒரு வீட்டில் ஒரு பாட்டி பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே வேட்டித் துணியில் சுற்றிய டயானா, அதன் அடியில் கையால் வெட்டிய இலக்கு அட்டைகள். "உங்க தாத்தா ஞாயித்துக்கிழமை மாடியில சுடுவாருப்பா, நான்தான் மார்க்கு போடுவேன்" என்றார். ஒவ்வொரு அட்டையிலும் பென்சிலால் எண் இருந்தது. அட்டைகளையும் டப்பாவையும் சேர்த்துத்தான் வாங்கினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். பெட்டி, துணி, சீட்டு, தூரிகை எதையும் பிரிக்காதீர்கள். அடிமாட்டு விலையும் பேசாதீர்கள். விலை தெரியாத முதியவரிடம் நியாய விலையை நாமே சொல்வதுதான் முறை, அடுத்த வீட்டுக்கு நம்மைக் கைகாட்டுவதும் அவர்தான்.

வாங்கியவுடன் ஒரு வெள்ளைத்தாளில் விற்றவர் பெயர், முகவரி, மாடல், தொடர் எண், உள்விட்டம், விலை, தேதி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கடையில் வாங்கினால் அடையாள அட்டை நகல் கேட்பார்கள். பில்லில் தொடர் எண்ணையும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.

ஐந்தாம் படி: கையில் எடுத்துப் பார்க்கும் பத்து நிமிடம்

முதல் வேலை, உள்ளே குண்டு இல்லை என்று உறுதி செய்வது. எத்தனை பேர் "காலிதான்" என்று சொன்னாலும் குழலைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கள்.

அடுத்து திருகாணிகள். தலையிலுள்ள பிளவு கூர்மையாக இருந்தால் யாரும் உள்ளே கை வைக்கவில்லை என்று பொருள். பிளவு சிதைந்திருந்தால் எவரோ பொருந்தாத ஸ்குரூடிரைவரால் திறந்திருக்கிறார். பிறகு எழுத்துகள். பொறித்த எழுத்தின் ஓரம் விரல் நகத்தில் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று மழுங்கியிருந்தால் அதைப் பாலிஷ் பிடித்து மறுபடி நீலப்பூச்சு, அதாவது இரும்புக்குத் தரும் கருநீலக் காப்புப் பூச்சு, ஏற்றியிருக்கிறார்கள். பார்வைக்குப் புதிதுபோல் மின்னும், சேகரிப்பாளருக்கு மதிப்புப் போய்விட்டது. தேய்ந்து பழுப்பேறிய அசல் பூச்சே எனக்கு மேல்.

குண்டில்லாமல் சுட்டுக் காட்டச் சொல்லாதீர்கள். குண்டு இருந்தால் முன்னால் காற்று மெத்தைபோல் தேங்கிப் பிஸ்டனைத் தாங்கும். இல்லாவிட்டால் பிஸ்டன் நேராக உருளையின் முகத்தில் போய் மோதும். குழலை மெதுவாக இறுக்கி, ஸ்பிரிங் கரகரக்கிறதா, பூட்டு பிடிக்கிறதா என்று பார்த்து, கையால் தாங்கி விட முடிகிற மாடல் என்றால் மெல்லத் தளர்த்துங்கள். 1960, 70களின் ஜெர்மன் பிஸ்டல்கள் பலவற்றில் உள்ளே காற்று கசியாமல் காக்கும் பிளாஸ்டிக் சீல், சுடாமல் வைத்திருந்தாலும் காலத்தால் பொடிந்துபோகும். அழுத்தம் இல்லை என்றால் அதுதான் காரணமாக இருக்கும். சீல் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வீட்டுக்குக் கொண்டுவருவது

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரும் பஸ்ஸில் மதுபாட்டில் சோதனை நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை வாங்கிய பிஸ்டலைத் துண்டில் சுற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறந்தவர் துண்டைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டார். பஸ்ஸே அமைதியாகிவிட்டது. "சார், ஏர் பிஸ்டல் சார், பில் இருக்கு சார்" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பில்லையும் தொடர் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பினார்கள். போகும்போது ஒருவர், "இதை இப்படி எடுத்துட்டு வரலாமா சார், பக்கத்துல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டது முழுக்கச் சரி.

அன்று முதல் பூட்டுப் போட்ட கெட்டிப் பெட்டி, பெட்டி மூடியின் உட்புறத்தில் பில் நகல். குண்டு தனிப் பையில். சாவடியில் பெட்டியைத் திறக்கும் முன்பே உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் செருகுவது, கடற்கரைச் சாலையில் போட்டோ எடுப்பது, ரீல்ஸில் நீட்டிக் காட்டுவது எதுவும் கூடாது. ரெப்ளிகாவைப் பார்த்துப் பயப்படுபவருக்கு அது ரெப்ளிகா என்று தெரியாது.

ஏழாம் படி: துரு

இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கோயம்புத்தூர் நண்பரின் பிஸ்டல் மேசை டிராயரில் பத்து வருடம் கிடந்தும் அப்படியே இருக்கிறது. நம் ஊரில் பத்து வாரம் போதும். காற்றில் வரும் உப்பு உலோகத்தின்மேல் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூச்சு தேய்ந்த இடத்தில் செம்புள்ளி விழும். அதைவிட வேகமானது நம் விரல் வியர்வை. என் வெப்லியின் பக்கவாட்டில் ஒரு நண்பரின் கட்டைவிரல் ரேகை, வட்ட வட்டமாக, துருவில் பதிந்து இன்றும் இருக்கிறது. அவர் தொட்டதை அன்றைக்கே நான் துடைக்கவில்லை.

தொட்டவுடன் துடையுங்கள். பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணி நல்லது. பிறகு துப்பாக்கி எண்ணெய் இரண்டு சொட்டைத் துணியில் விட்டு மெல்லிய படலமாகத் தேயுங்கள், ஒழுகக் கூடாது. தையல் மிஷின் எண்ணெய் வெளிப்புறத்துக்கு மட்டும் ஆகும். காற்று உருளைக்குள் அதை விட்டால் அழுத்தச் சூட்டில் எரிந்து புகையும், ஸ்பிரிங்கும் சீலும் கெடும். உள்ளே தேவைப்பட்டால் சிலிகான் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் எங்கேயும் வேண்டாம். நம் வீடுகளில் கீலுக்கும் பூட்டுக்கும் அதை விடும் பழக்கம் உண்டு; நாளானால் காறிப் பிசினாகி இரும்பைக் கடிக்கும்.

நீண்ட நாள் வைப்புக்கு மெழுகு சிறந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950களில் உருவான ரெனைசன்ஸ் மெழுகு ஒரு சின்ன டப்பா பல வருடம் வரும். சுண்டைக்காய் அளவு எடுத்துத் தடவி, காய்ந்ததும் துணியால் மெருகேற்றுங்கள்.

தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். பெட்டிக்குள் வரும் ஸ்பாஞ்சும் அப்படித்தான். எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, சிலிகா ஜெல் பையுடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நிறம் மாறும் சிலிகா ஜெல்லாகப் பார்த்து வாங்கினால் எப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும் என்று அதுவே காட்டும். ஒரு ஈரப்பதமானியும் உள்ளே போடுங்கள். 50 விழுக்காட்டை ஒட்டி நின்றால் நிம்மதி.

துரு விழுந்தேவிட்டதா? உப்புத்தாளை எடுக்காதீர்கள். எண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய நான்கு பூஜ்ய (0000) எண் எஃகுப் பஞ்சால், பூவைத் தொடுவதுபோல் வட்டமாகத் தேயுங்கள். செந்துரு போகும், கீழே கரிய தழும்பு இருக்கும். தழும்பை விட்டுவிடுங்கள்.

பழைய பிஸ்டல்களின் தோல் வாஷர் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்து சுருங்கினால் காற்று கசியும். பழைய வாஷரைத் தூக்கி எறியாமல் மாதிரிக்கு எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் செருப்புத் தைக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அவர் பலூன் கடைக்காரர்களுக்குச் செய்து பழகியவர். கெட்டித் தோலில் வட்டம் வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, போல்ட்டில் மாட்டி, குழாய்த் துண்டுக்குள் அழுத்தி இரண்டு நாள் காயவிட்டார். திரும்பிப் போனபோது கிண்ணம்போல் நின்றது. எண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து மாட்டியதும் பிஸ்டல் பழைய சத்தம் போட்டது. அசல் வாஷர், எழுதிய உறையில், டப்பாவிலேயே இருக்கிறது. எதை மாற்றினாலும் அசலை வைத்திருங்கள். ஸ்பிரிங்கை மட்டும் பலமானதாக மாற்ற ஆசைப்படாதீர்கள்: பிஸ்டலும் உடையும், சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டிவரும்.

எட்டாம் படி: கேஸ் சிலிண்டர் ரெப்ளிகாக்கள்

உமாரெக்ஸ் போன்றவை 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் ஓடும். 20 டிகிரியில் உள்ளே சுமார் 57 பார் அழுத்தம். 31 டிகிரியைத் தாண்டினால் அந்த வாயு திரவமாக இருக்கவே முடியாது, அழுத்தம் வேகமாக ஏறும். நம் அக்னி நட்சத்திரத்தில் நிழலிலேயே 38, 40. நிறுத்திய காருக்குள் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. சிலிண்டரைக் காரிலும், ஜன்னலோரத்திலும், மாடி அறையிலும் வைக்காதீர்கள். சுட்டு முடித்ததும் மிச்ச வாயுவைக் காலி செய்து சிலிண்டரைக் கழற்றிவிடுங்கள். வாரக்கணக்கில் மாட்டியே வைத்தால் சீல் அமுங்கிக் கசியும்.

ஒன்பதாம் படி: சுடுவது

ஆண்டுக்குச் சில முறை சுடுவது கருவிக்கு நல்லது. பத்து மீட்டர் தூரம், பின்னால் குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, கண்ணாடி அணிந்த கண்கள், குறுக்கே வர வழியில்லாத இடம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், குண்டு ஈயம். அணிலையோ காக்கையையோ குறிவைப்பவரோடு நான் இந்தப் பொழுதுபோக்கைப் பகிர்ந்துகொள்வதில்லை. ஊசுட்டேரிக்குப் பறவைகள் வரும் ஊர் நம்முடையது. அந்தப் பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. குழந்தைகள் உள்ள வீட்டில் பீரோச் சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.

பத்தாம் படி: ஏடும் மழைக்காலமும்

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். பிஸ்டலுக்கு இரண்டு பக்கம்: எண், உள்விட்டம், முத்திரைகள், யாரிடம் வாங்கியது, என்ன மாற்றினீர்கள், எப்போது மெழுகு போட்டீர்கள். தொடர் எண் தெரியும்படி படமும் எடுத்து ஒட்டுங்கள். திருட்டுப் போனாலும், நமக்குப் பின் பிள்ளைகள் பெட்டியைத் திறந்தாலும் அந்த நோட்டுதான் பேசும்.

ஐப்பசி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து, மெழுகு போட்டு, சிலிகா ஜெல்லை வாணலியில் வறுத்து உள்ளே வையுங்கள். டப்பாக்கள் கீழ்த்தட்டில் இருக்கக் கூடாது. 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் என்று இரண்டு புயலும் நம் கரையில்தான் ஏறின. ஃபெஞ்சல் இரவில் எங்கள் தெருத் தண்ணீர் வாசல்படி ஏறியபோது ஒன்பது டப்பாவையும் பரணுக்கு ஏற்ற எனக்குக் கால் மணி நேரம் ஆனது. டப்பாக்கள் நனையவில்லை. மழை விட்டு வெயில் வந்த முதல் நாளில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பாட்டி கொடுத்த பிஸ்கட் டப்பாவின் மூடி விளிம்பில் மட்டும் ஒரு செம்புள்ளி. எண்ணெய்த் துணியால் துடைத்து, தேதியோடு நோட்டில் எழுதி வைத்தேன்.